எண்ணிச் சொல்லாத எருமைகள்

அனுப்புநர்
க. நாகவல்லி,
(தாயார் க. வேம்புலியம்மாள் சார்பாக)
ஏரிக்கரைத் தெரு,
மேலேரிப்பாக்கம்,
குமணன்சாவடி வழி.

பெறுநர்
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
மேலேரிப்பாக்கம்.

பொருள்: கால்நடை வளர்ப்பு உரிமம் – எருமைகளின் எண்ணிக்கை தவறாகப் பதிவானது – பட்டியில் அடைக்கப்பட்டுள்ள எருமைகளைத் திங்கட்கிழமை ஏலம் விடுவதை நிறுத்தி விடுவிக்கவும், என் தாயார் பொய் சொன்னதாக உள்ள குறிப்பை நீக்கவும் வேண்டுவது.

பார்வை: சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். என் தாயார் வேம்புலியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக நான் எழுதுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பண்டகப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். இது தொடர்பாகத் தங்கள் அலுவலகத்துக்கு இருமுறை வந்தேன். இருமுறையும், எதுவானாலும் எழுதிக் கொடுக்கும்படி சொன்னார்கள். எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் விஷயங்களை வெளியாருக்கு எழுதிப் பழக்கமில்லை. எனவே தேவைக்கு மேல் எதையாவது எழுதியிருந்தாலும், தேவையானதை விட்டிருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. விஷயம் சுருக்கமாக இது. என் தாயார் எருமை வளர்த்துப் பால் விற்று வருகிறார். அதற்கு உரிய உரிமம் இவ்வாண்டு மாசி மாதம் பேரூராட்சியால் வழங்கப்பட்டது. உரிமத்தில் எருமை ஒன்று என்று எழுதப்பட்டுள்ளது. கொட்டகையில் அதற்கு மேல் இருப்பதாகச் சென்ற வியாழக்கிழமை கண்டறியப்பட்டு, கூடுதலானவை பேரூராட்சியின் மாட்டுப் பட்டிக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. அவற்றில் சுட்டி என்னும் எருமை நிறைசினையாக இருக்கிறது. இன்றோ நாளையோ ஈனக்கூடும். வருகிற திங்கட்கிழமை அது ஏலத்துக்கு வருகிறது. பட்டி ஏலத்துக்கு யார் வருகிறார்கள், வாங்கியதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

3. உரிமத்தில் ஒன்று என்ற சொல் எப்படி வந்தது என்பதை விளக்குவதே இம்மனுவின் முக்கிய நோக்கம். அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். உடனிருந்த பக்கத்து வீட்டு ராஜம்மா சொன்னதையும் என் தாயார் சொன்னதையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருக்கிறது.

சுகாதார ஆய்வாளர் திரு. பரந்தாமன் அவர்கள் காலையில் வந்திருக்கிறார். அவர் மரியாதையாகவே பேசினார் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். கொட்டகை வரை வந்து பார்த்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டியும் இருக்கிறார். பிறகு, "ஏம்மா, மொத்தம் எத்தனை வச்சிருக்கே?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னாத்த சார் சொல்றது? ஏதோ கீது. ஒண்ணுன்னு போட்டுக்கோ."

"பின்னாடி நிக்கிறதெல்லாம்?"

"அதுங்க பாட்டுக்கு அதுங்க கீது சார். அதுங்கள ஏன் இப்போ?"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். ஒன்று என்று எழுதினார். என் தாயார் கைநாட்டு வைத்தார். போகும்போது அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்ததாகவும், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்ததாகவும் ராஜம்மா சொல்கிறார்.

4. எருமைகள் அன்று மறைத்து வைக்கப்படவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். அவை ஆய்வாளரின் கண்ணெதிரே நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. பொய் சொல்ல நினைப்பவர் முதல் நாளே அவற்றை ஏரிப்பக்கம் ஓட்டிவிட்டிருப்பார். என் தாயார் அப்படிச் செய்யவில்லை, ஏனென்றால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒன்று என்று சொன்னதை அவர் ஒரு தகவலாகச் சொல்லவில்லை. அது எங்கள் தெருவில் பதில் சொல்லும் முறை.

5. இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் வளர்கிற எதையும் யாரும் எண்ணிச் சொல்வதில்லை. பால் எவ்வளவு கறக்கிறது என்று கேட்டால் வாய் நனையிற அளவுக்கு என்பார்கள். மரத்தில் எத்தனை காய் என்றால் ஏதோ காய்ச்சிருக்கு என்பார்கள். எவ்வளவு குறைத்துச் சொல்ல முடியுமோ அவ்வளவு குறைத்துச் சொல்வதுதான் மரியாதை. கேட்பவருக்கும் அது தெரியும், அதனால் அந்தப் பதிலை அவர் நம்புவதும் இல்லை, பொய் என்று சொல்வதும் இல்லை. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வதைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். அளப்பவர் தப்புக் கணக்கு எழுதினார் என்று யாரும் அவர்மேல் வழக்குப் போட்டதில்லை.

கண் படும் என்ற பயம் இதில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நான் கொஞ்சம் படித்தவள். கிளை நூலகத்தில் எனக்குக் கிடைக்கும் புத்தகங்களையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவள். வேலையில் நாள் முழுவதும் போல்ட்டும் நட்டும் எண்ணி இருப்பு எழுதுகிறவள். எனவே இதை மூடநம்பிக்கை என்று சொல்லி என் தாயாரிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். போன வாரமும் போட்டேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"எண்றது எப்போ? விக்கறப்போ எண்ணுவாங்க. வெட்டறப்போ எண்ணுவாங்க. செத்தா எண்ணுவாங்க. வளர்றத எவனாச்சும் எண்ணுவானா? சுட்டி வயித்துல கீதே, அத சேத்து சொல்றதா, சேக்காம சொல்றதா? நீதான் படிச்சவளாச்சே, சொல்லேன்."

6. இந்த வழக்கத்தை அரசு ஊழியர்கள் இதற்கு முன்பும் சந்தித்திருக்கிறார்கள், நல்ல விதமாகச் சமாளித்தும் இருக்கிறார்கள். 1991 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது எங்கள் தெருவுக்கு ஓர் ஆசிரியர் வந்தார். எதிர்வீட்டு முனியனிடம் குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். முனியன் உள்ளே போய்க் குழந்தைகளை எழுப்பிக் கூட்டிவந்து வாசலில் வரிசையாக நிற்க வைத்துவிட்டு, "இதுதான் சார், நீயே பாத்துக்க. என் வாயால இன்னாத்துக்கு?" என்றார். ஒரு பிள்ளை தூக்கக் கலக்கத்தில் வரிசையை விட்டுப் போய்விட, "ஏய், கெவருமெண்டு கணக்கு முடியற வரைக்கும் நில்றா" என்று முனியன் மனைவி பேபி அதட்டினார். அந்த ஆசிரியர் பென்சிலால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணி எழுதிக்கொண்டு போனார். அரசுக்குச் சரியான கணக்கும் கிடைத்தது, முனியனுக்கு மனக்குறையும் இல்லை. நான் வேண்டுவதும் இதைப் போன்ற ஒன்றைத்தான்.

7. இனி எங்கள்மீது வந்த புகாரைப் பற்றி. புகார் கொடுத்தவர் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கும் திரு. ஆனந்தன் அவர்கள். அவர்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆடி மழையில் எங்கள் சாணக்குழி நிரம்பி, சாணித்தண்ணீர் அவர் வாசல்வரை போனது. பள்ளிக்குப் போகும் அவர் பெண் அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும்.

அன்று தெருவில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். திரு. ஆனந்தன் கொட்டகை வாசலில் நின்று, "ஏம்மா, ஒரு மாட்டுக்குத்தானே லைசென்ஸ் வாங்கினே? ஒரு மாடு இவ்ளோ சாணி போடுமா? இது மாடா, மில்லா?" என்று கத்தினார். ராஜம்மா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எங்களுக்குத்தான் எண்ணத் தெரியாது, உனக்குத் தெரியுமே நைனா. எண்றதுக்கு உனக்கு சாணியா கெடச்சுது?" என்று கேட்டுவிட்டார். தெருவே சிரித்தது. திரு. ஆனந்தனின் முகம் சிவந்தது. அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் புகார் வந்திருக்காது என்பது என் கருத்து. சாணித்தண்ணீரை யாரும் பொறுத்துக்கொள்ள முடியும், தெருச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

அவர் மனைவி திருமதி வரலட்சுமி எங்களிடம்தான் பால் வாங்குகிறார். பங்குனியில் நீலா என்ற எருமை ஈன்றபோது, வழக்கப்படி சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் சீம்பால் கொடுத்தோம். சீம்பாலை நாங்கள் விற்பதில்லை. மாடு ஈன்ற இடத்தைச் சுற்றி யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு அதில் பங்கு உண்டு. வாங்கியவர்கள் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது, ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ போட்டுத் தர வேண்டும். இதை யாரும் சொல்லித் தராமலே திருமதி வரலட்சுமி சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினார். அம்மா அன்று மாலைவரை அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார்.

8. எங்கள் தெரு இப்போது மனைப்பிரிவுத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் எருமைகளே இருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வயல்கள் மனைகளானதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களுக்குச் சொந்தமாக வயல் எதுவும் இருந்ததில்லை. அம்மா எங்கள் ஊர் நிலக்காரர் ஜம்புலிங்கம் வீட்டு வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர். அந்த வயலில் வீடுகள் எழும்பிய பிறகு, வேலை போனதால்தான் எருமை வாங்கினார். வீடுகள் வந்ததால் பால் வாங்க ஆட்களும் வந்தார்கள். ஆக, இந்தக் குடியிருப்பும் எங்கள் கொட்டகையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியவை. மேலும், குடியிருப்புப் பகுதியிலும் முன்பிருந்தே கால்நடை வைத்திருப்போர் உரிமம் பெற்றுத் தொடரலாம் என்ற விதி இருக்கிறது. உரிமத்தைத் தந்தது தங்கள் அலுவலகமே. எனவே எருமை இருக்கலாமா என்பது இப்போது கேள்வியல்ல, எத்தனை என்பதே கேள்வி என்று புரிந்துகொள்கிறேன்.

9. பிடித்துச் சென்ற நாளில் நடந்த ஒன்றையும் தெரிவிக்க வேண்டும். வந்த ஊழியர்கள், உரிமம் பெற்ற எருமை எது என்று கேட்டார்கள். அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "எல்லாத்துக்கும்தான் சார் வாங்கனது" என்றார். உரிமச் சீட்டைப் பார்த்தார்கள், அதில் எண்ணிக்கைதான் இருந்தது, எந்த எருமை என்று இல்லை. நீலா கறவைக்குக் கட்டியிருந்ததால், அதை அவிழ்க்க நேரமாகும் என்று விட்டுவிட்டு, சுட்டியையும் ஊமைச்சியையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அதாவது நீலா சட்டப்படியானது என்றும் சுட்டி சட்டவிரோதமானது என்றும் முடிவானது கயிற்று முடிச்சால்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

10. மறுநாள் அம்மா பட்டிக்குப் போனார். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் போனேன். பட்டிக்காரர் சின்னசாமி மோசமானவர் அல்ல. எருமைகளுக்குத் தண்ணீர் காட்டியிருந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

"உன்னுதுன்னு சொல்றியே, உன்னுது எத்தினி?"

"எல்லாம் என்னுதுதான்யா."

"எல்லாம்னா எத்தினி? வாயத் தொறந்து சொல்லு தாயி." அம்மா எருமைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீதான் ஒண்ணுன்னு சொல்லிகினு கைநாட்டு வெச்சிக்கிறே. அந்த ஒண்ணு உன் ஊட்ல கீது. அப்போ இதுங்க யாருது? ஆள் இல்லாத மாடு. ஆள் இல்லாத மாடுன்னா ஏலம்."

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. அம்மா வேலிப்பக்கம் போய்ச் சுட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சுட்டி வயிற்றைச் சுமந்துகொண்டு மெல்ல வந்து, வேலிக் கம்பிக்கு இடையே மூக்கை நீட்டியது. ஊமைச்சியும் வந்தது. அது கன்றாக இருந்த நாளிலிருந்து கத்தாத எருமை, அதனால்தான் அந்தப் பெயர். அன்றும் கத்தவில்லை. சும்மா வந்து நின்றது.

சின்னசாமி தலையைச் சொறிந்துகொண்டார். "மாடு வருது தாயி, ஒத்துக்கறேன். மாடு வந்தா நான் இன்னான்னு ரிஜிஸ்தர்ல எழுதறது? கூப்ட்டா வருதுன்னா?"

11. அம்மாவுக்கு இதைவிடப் பெரிய வருத்தம் அறிவிப்பில் உள்ள ஒரு வரியால் வந்தது. "உரிமதாரர் வேண்டுமென்றே பொய்யான தகவல் அளித்துள்ளார்" என்று அதில் இருக்கிறது. அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். படிக்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. குமணன்சாவடி டீக்கடைகளுக்கு இத்தனை ஆண்டுகளாகப் பால் ஊற்றுகிறார். பாலில் தண்ணீர் என்று ஒருவரும் சொன்னதில்லை. மழைநாளில் கறவை குறைந்தால் எந்தக் கடைக்கும் அன்று முழு அளவு தர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அறிவிப்பைக் கேட்டபின் அவர் அந்தக் கடைகளுக்குப் போகவில்லை. நீலாவின் பாலை ராஜம்மாதான் கொண்டுபோய் ஊற்றுகிறார். பொய் சொன்னவள் கையால் பால் எதற்கு என்று அம்மா என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அப்படித்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

12. சரி, சரியான எண்ணிக்கையை இப்போதாவது எழுதிக் கொடுத்தால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் முதலில் செய்யப் பார்த்தேன். இம்மனுவின் முதல் படியில் எண்ணிக்கையை எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எண் வந்த இடத்தில் அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, வைக்கவும் இல்லை. அவர் கைநாட்டு இல்லாமல் மனுவை வாங்கமாட்டார்கள் என்று அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் சொன்னால் சுட்டி வீட்டுக்கு வரும், அந்த ஒரு சொல்லை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று. பிறகு கொட்டகைக்குப் போய்ப் பார்த்தபோது அவர் நீலாவுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுட்டியின் இடம் பெருக்கி, புது வைக்கோல் பரப்பி வைத்திருந்தது. ஊமைச்சியின் இடமும் அப்படியே. எண்ண அவருக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. எது எங்கே நிற்க வேண்டும், எது இல்லை என்பது அவருக்கு ஒவ்வொரு வேளையும் தெரிகிறது. தொகையாக்கிச் சொல்வதுதான் முடியவில்லை.

ஆகவே நான் வேறு வழி கேட்டேன். எண்ணாமல் பெயரை மட்டும் எழுதட்டுமா என்று. "பேரு சொன்னா ஒண்ணும் இல்ல. பேரு சொல்லித்தானே தெனம் கூப்புடறேன்" என்றார்.

13. எனவே என் தாயார் க. வேம்புலியம்மாள் வளர்க்கும் எருமைகள் பின்வருமாறு எனத் தெரிவித்துக்கொள்கிறேன்:

சுட்டி. நெற்றியில் வெள்ளை. நிறைசினை. தற்போது பட்டியில்.
நீலா. கறவையில் உள்ளது. வீட்டில்.
நீலாவின் கன்று. கிடேரி. பெயர் வைக்கவில்லை, தாயோடு நிற்கும்.
ஊமைச்சி. கொம்பு பின்பக்கமாக வளைந்தது. கத்தாது. தற்போது பட்டியில்.

இதற்கு மேல் எதுவும் இல்லை. இம்மனுவில் நாங்கள் எங்கும் தொகை போடவில்லை என்பதைத் தாங்கள் இந்நேரம் கவனித்திருப்பீர்கள். கூட்டிக்கொள்ளும் வேலையைத் தங்கள் அலுவலகத்துக்கு விட்டுவிடுகிறோம். அன்று அந்த ஆசிரியர் செய்ததுபோல் ஆய்வாளர் அவர்கள் வந்து தாமே பார்த்து எண்ணி எழுதிக்கொண்டால், அது எந்த எண்ணாக இருந்தாலும் அம்மா கைநாட்டு வைப்பார். அதை அவர் முன்பு உரக்கப் படிக்காதிருந்தால் நல்லது. கொட்டகையை அளந்துகொள்ளலாம். அளப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

14. சாணக்குழியை ஆழமாக்கி, மேடான பக்கம் கரை கட்டும் வேலையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் முனியனும் தொடங்கிவிட்டோம். திரு. ஆனந்தன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, சரிவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மேலிருந்தே சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அப்படியே வெட்டினோம்.

15. மேற்கண்டவற்றைக் கருதி, தங்களிடம் நான் வேண்டுவன:

திங்கட்கிழமை ஏலத்திலிருந்து சுட்டி, ஊமைச்சி ஆகியவற்றை நீக்க வேண்டும். சுட்டி ஈனும்முன் வீடு வந்து சேர அனுமதிக்க வேண்டும். பட்டிக் கட்டணமும் உரிமத்தில் கூடுதலாகக் கட்ட வேண்டியதும் விதிப்படி எதுவோ அதை நான் சம்பளத்திலிருந்து கட்டிவிடுகிறேன். புதிய உரிமத்தில் எண்ணிக்கையோடு பெயர்களையும் எழுத இடம் இருந்தால் எழுத வேண்டும். இடம் இல்லையென்றால் வற்புறுத்தவில்லை.

பொய்யான தகவல் என்ற வரியை மட்டும் அவசியம் அடிக்க வேண்டும். மற்றவற்றில் தாமதமானாலும் இதில் தாமதம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏலத்தை நிறுத்துவதுதான் அவசரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் யாருக்கு எது அவசரம் என்று பார்க்கும்போது, இது முதலில் வருகிறது.

16. இம்மனுவை இன்று காலை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பெயர்கள் வந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ராஜம்மா பேசியதை எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை, அதை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை, உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டு அதை மட்டும் விடுவது சரியில்லை என்றேன். பிறகு, "பேரு வரிசையில சுட்டி வயித்துல கீறதயும் சேத்து எழுதுனியா?" என்று கேட்டார். எப்படி எழுதுவது என்று கேட்டேன். "அத எழுதாத. வர்றது வரட்டும். பேரு வெச்சப்பறம் நானே போய் அந்த சாருகிட்ட சொல்லிட்டு வரேன்" என்றார். அதன் பிறகு கைநாட்டு வைத்தார்.

ஆகவே அந்தக் கணக்கு பிறகு வரும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

17. கடைசியாக ஒன்று. தங்கள் ஆணை வருவதற்குள் சுட்டி பட்டியிலேயே ஈன்றுவிடக்கூடும். ஈன்றால், உடனே எங்களுக்குச் சொல்லி அனுப்பும்படி சின்னசாமிக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். முதல் ஈற்றில் சுட்டி சிரமப்பட்டது, அம்மா பக்கத்தில் இல்லாமல் முடியாது. கன்று எழுந்து நின்று பால் குடித்த பிறகு மிச்சமுள்ள சீம்பால், ஈன்ற இடத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு உரியது. அந்த முறைப்படி சின்னசாமிக்கும், பட்டிக்கு அடுத்தாற்போல் உள்ள தங்கள் அலுவலகத்துக்கும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் வரும். இதைக் கைக்கூலி என்று தயவுசெய்து கருத வேண்டாம். ஏலத்தைத் தாங்கள் நிறுத்தாவிட்டாலும் அது வரும். அம்மா அதில் மாற மாட்டார்.

பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அரிசியும் சர்க்கரையும் வேண்டாம், ஐயா. விடுவிப்பு ஆணையை மடித்து அதில் போட்டு அனுப்பினால் போதும்.

வணங்கி வேண்டும்,

க. நாகவல்லி

க. வேம்புலியம்மாள்
(இடது பெருவிரல் ரேகை)

இடம்: மேலேரிப்பாக்கம்
நாள்: 11.8.1993